வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், டீச்சர்

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. பல்லாண்டு கரும்பலகையில் எழுதிய கை என்று பார்த்தவுடனே தெரிகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 69. மணமாகாதவர். சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். அவரும், மணம் செய்துகொள்ளாத அவருடைய அக்காவும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கா வாய்ப் புற்றுநோயில் காலமானார். கடைசி ஐந்து மாதமும், வீடு தேடி வந்து பார்க்கும் ஓர் அறக்கட்டளையின் செவிலியர் வாரம் இரண்டு முறை வந்து, புண்ணைக் கழுவிக் கட்டி, வலிக்கு மருந்து கொடுத்துப் போயிருக்கிறார். ஒரு பைசா வாங்கவில்லை. "அக்கா கடைசி மாதத்தில் ராத்திரி தூங்கினார்கள் என்றால் அது அந்தப் பிள்ளையால்தான்" என்று எழுதுகிறார். அந்த அறக்கட்டளைக்குத் தம் சொத்தில் பெரும்பகுதியை விட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

சொத்து இவ்வளவு: சம்பளத்திலும் கடனிலும் வாங்கிய நாலரை சென்ட் மனையில் ஒரு வீடு, வங்கியில் 14 லட்சம் வைப்பு, 11 பவுன் நகை, சுரண்டைப் பக்கத்துக் கிராமத்தில் தகப்பனார் விட்டுப்போன 96 சென்ட் நஞ்சையில் ஒரு பங்கு. அண்ணனும் அண்ணியும் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய ஒரே மகன், அதாவது டீச்சரின் மருமகன், இங்கிலாந்தில் வேலை செய்கிறார். தம்பி தென்காசியில் இருக்கிறார்.

சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு டீச்சர் இரண்டு தாளில் தம் கையாலேயே உயில் எழுதியிருக்கிறார். வீடும் வைப்புப் பணமும் அறக்கட்டளைக்கு, வயல் பங்கு தம்பிக்கு, கூடமாட உதவும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐந்து பவுன், மற்றது மருமகனுக்கு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருவர்: அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர், அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர். இரண்டாமவர் மறுநாள்தான் வந்து போட்டாராம்.

இப்போது அவரைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. 1979-இல் அவருடைய சித்தப்பா ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சொத்தை உயிலில் விட்டார். எழுதிய ஐந்தாம் மாதம் இறந்தார். உயில் செல்லவில்லை, சொத்து உறவுகளுக்குப் போய்விட்டது. "கிறிஸ்தவர் தருமத்துக்கு உயில் எழுதினால் அதன் பிறகு ஓராண்டு உயிரோடு இருந்தாக வேண்டுமாமே? என் இதயம் இருக்கிற இருப்பில் அதற்கு உத்தரவாதம் உண்டா?" என்று கேட்கிறார். சபையின் மூப்பர் ஒருவர், உயிலை நம்பாமல் வீட்டை இப்போதே அறக்கட்டளைக்குத் தான செட்டில்மெண்ட் செய்துவிடச் சொன்னாராம். அடுத்த வாரம் பதிவு அலுவலகம் போவதாக இருக்கிறார். தம்பியோ, "குடும்பச் சொத்து வெளியே போகக் கூடாது" என்று பேச்சை நிறுத்திவிட்டார்.

அன்புள்ள டீச்சருக்கு,

அடுத்த வாரப் பயணத்தை ரத்து செய்யுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

சித்தப்பாவைத் தோற்கடித்த சட்டம் இன்று இல்லை

உங்கள் நினைவில் பிழை இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 118-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவோ உள்ள ஒருவர் சமயப் பணிக்கோ தருமத்துக்கோ உயிலில் சொத்து விட வேண்டுமானால், இறப்பதற்கு 12 மாதங்களுக்கு முன்பே அதை எழுதியிருக்க வேண்டும். எழுதிய ஆறு மாதத்துக்குள் சட்டம் காட்டும் இடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் இந்தத் தடை கிடையாது. கிறிஸ்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். மரணப் படுக்கையில் கிடப்பவரிடம் பாதிரிமார் மோட்சத்தைக் காட்டிச் சொத்தை எழுதி வாங்கிவிடுவார்களோ என்று பழைய இங்கிலாந்துக்கு இருந்த பயத்தின் மிச்சம் அது. தன் நாட்டில் இருந்த அந்த வகைச் சட்டத்தை இங்கிலாந்து 1960-லேயே கைவிட்டது. நாம் மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தோம்.

கேரளத்துப் பாதிரியார் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 118-ஆம் பிரிவை அரசமைப்புக்கு விரோதமானது என்று அடித்துத் தள்ளியது. ஒரு சமயத்தாருக்கு மட்டும் தருமம் செய்யத் தடை போடுவது சமத்துவத்துக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே இன்று நீங்கள் காலையில் உயில் எழுதி மாலையில் கண் மூடினாலும், அந்த ஒரு காரணத்துக்காக உங்கள் கொடை விழாது. இந்தத் தீர்ப்பு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் ஊர்ச் சபைகளில் பழைய பயம் அப்படியே உலவுகிறது. போன ஆண்டு மட்டும் இதே கேள்வியுடன் என்னிடம் மூன்று பேர் வந்தார்கள்.

செட்டில்மெண்ட் ஏன் வேண்டாம்

மூப்பரின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வழி உங்களுக்கு ஆபத்தானது. உயில் நீங்கள் இறந்த பிறகுதான் பேசத் தொடங்கும். அதுவரை வீடு உங்களுடையது. விற்கலாம், வாடகைக்கு விடலாம், உயிலைக் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல. பதிவானதும் வீடு கைமாறிவிடும். மனம் மாறியது என்பதற்காக அதை ரத்து செய்ய முடியாது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இருக்கிறதே என்பீர்கள். அதன் 23-ஆம் பிரிவு, சொத்தைப் பெற்றவர் கொடுத்தவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவர் அதை மீறும்போது உதவுவது. பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்து ஏமாந்த பெற்றோருக்கு அது கைகொடுக்கும். ஓர் அறக்கட்டளை உங்களுக்குச் சோறு போடுவதாக எழுதித் தரப் போவதில்லை. வாழ்நாள் வரை குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் நாளைக்குப் பணம் தேவைப்பட்டால் விற்க முடியாது.

உங்களுக்கு 69 வயது, நீரிழிவு இருக்கிறது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது, உடன் இருந்து பார்க்கப் பிள்ளை இல்லை. இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகள் நீங்கள் இருக்கக்கூடும். படி ஏற முடியாமல் போய் இந்த வீட்டை விற்று முதியோர் இல்லத்தில் சேர வேண்டி வரலாம். இரவும் பகலும் ஆள் வைக்க வேண்டி வரலாம். அந்தச் செலவுக்கு உங்களிடம் இருப்பது இந்த வீடுதான். இவ்வளவுக்கும் மேல், குடும்பத்துக்கு வெளியே எழுதும் செட்டில்மெண்ட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து கணிசமான தொகை ஆகும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது, வெள்ளைத்தாள் போதும். நோயாளிகளுக்குப் போக வேண்டிய பணத்தைக் கருவூலத்தில் கட்டுவானேன்?

அந்த ஐந்து பவுன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போகாது

உங்கள் உயிலின் நகலைப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் நீங்கள் பயந்த இடமல்ல. அறக்கட்டளைக்கான கொடை நிற்கும். விழப்போவது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கான ஐந்து பவுன். வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி, உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ, அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ அந்த உயிலில் விட்ட கொடை செல்லாது. உயில் மற்றபடி செல்லும். அந்தக் கொடை மட்டும் போய்விடும். எந்தப் பெண் உங்களுக்கு இரண்டு ஆண்டுகளாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தாரோ, அவருடைய கணவரை நல்லெண்ணத்தோடு கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி, அதனாலேயே அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் செய்திருக்கிறீர்கள்.

இதைப் படிக்கும் இந்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 67-ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. அதற்காக ஆதாயம் பெறுபவரையே சாட்சியாக நிறுத்தாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட இனிப்பான அல்வா இல்லை. முஸ்லிம் வாசகர்களுக்குச் சட்டமே வேறு. வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் விட முடியாது.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் சாட்சி போட்டது இன்னொரு வகைச் சிக்கல். அவர் ஊழியர், கொடை பெறுவது அறக்கட்டளை. ஆகவே 67-ஆம் பிரிவு அந்தக் கொடையைத் தொடாது. ஆனால் உயில் எழுதும் இடத்தில் ஆதாயம் பெறுபவரின் கை தெரிந்தால், அதைச் சந்தேகச் சூழ்நிலை என்று கொண்டு, சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பை உயிலைக் காட்டுபவர் மீதே சுமத்தும் வழக்கம் 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து உறுதியாக இருக்கிறது. உங்கள் தம்பி வழக்குப் போட்டால் அவருடைய வழக்கறிஞர் முதலில் விரல் வைக்கும் இடம் இதுவே. நல்ல அறக்கட்டளைகள் தங்கள் ஆட்களை இந்த வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். அந்த ஒருங்கிணைப்பாளர் விவரம் தெரியாமல் உதவியிருப்பார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் வந்து போட்ட கையெழுத்து செல்லுமா என்று கேட்டீர்கள். செல்லும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துத்தான்" என்று நீங்களே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு உங்கள் முன்னிலையில் சாட்சி கையெழுத்திட வேண்டும். நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

இருந்தாலும் புதிய உயில் எழுதத்தான் வேண்டும். இம்முறை சாட்சிகள் உங்களைவிட வயதில் மிக இளையவர்களாகவும், உயிலில் பெயர் வராதவர்களாகவும் இருக்கட்டும். வழக்கு வந்தால் குறைந்தது ஒரு சாட்சியாவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். உயிலைப் பதிவு செய்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. உங்களிடம் படித்து இப்போது ஊரிலேயே வேலை பார்க்கும் பழைய மாணவர் இருவர் கிடைத்தால் போதும். உங்கள் இதய மருத்துவரிடம், நீங்கள் தெளிந்த மனநிலையில் இருக்கிறீர்கள் என்று அதே நாள் தேதியிட்ட சான்று ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. தம்பி கேட்பார்.

எதைக் கொடுப்பது, எப்படி எழுதுவது

"என் வீட்டை அறக்கட்டளைக்கு விடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்னபடி எண்பதாம் வயதில் அந்த வீட்டை விற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிலில் சொன்ன பொருள் இல்லாததால் அந்தக் கொடையும் இல்லை. விற்ற பணம் வங்கியில் கிடந்தாலும் அது "வீடு" ஆகாது. ஒரு தொகையைக் குறிப்பிட்டு எழுதினாலும் தொல்லைதான்: இன்றைக்குப் பெரிதாகத் தெரியும் பத்து லட்சம் இருபது ஆண்டில் சுருங்கிவிடும், உங்கள் மருத்துவச் செலவு கூடினால் அதுவே மற்றவர்களின் பங்கை விழுங்கவும் செய்யும். ஆகவே உறவினருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தனித்தனிப் பொருளாகக் கொடுத்துவிட்டு, எல்லாம் போக மிஞ்சுவதில் இத்தனை பங்கு என்று அறக்கட்டளைக்கு எழுதுங்கள். உங்களுக்குச் செலவானது போகத்தான் அவர்களுக்கு. அக்காவைப் பார்த்துக்கொண்டவர்கள் அதற்கு வருத்தப்பட மாட்டார்கள்.

அடுத்தது பெயர். உயிலில் "புற்றுநோய் அறக்கட்டளை" என்று மட்டும் இருக்கிறது. எது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் அந்தச் சொல்லுக்குள் வரும். தென் மாவட்டங்களில் அண்மையில் முளைத்த சிறு அமைப்புகளும் வரும். நம் ஊரில் எல்லோரும் "பெரியாஸ்பத்திரி", "ஹைகிரவுண்டு" என்றுதான் சொல்கிறோம். அரசு ஏட்டில் அது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பேச்சுப் பெயர் உயிலுக்கு உதவாது. "தருமத்துக்கு" என்று பொதுவாக எழுதுவது அதைவிட மோசம். வெறுமனே தருமம் என்ற சொல்லுக்கு வரையறை இல்லை என்று சொல்லி ஒரு கொடையை, அன்று நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1899-லேயே செல்லாததாக்கியது. அந்தப் பயம் இன்றும் உண்டு.

அறக்கட்டளையிடம் போய் அதன் பதிவுப் பத்திர நகல், வருமானவரித் துறையில் அறநிறுவனமாகப் பதிவான உத்தரவு, கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். வருமானவரிப் பதிவு காலாவதியாகக்கூடியது. புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கணக்கைக் காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் வீட்டுப்பாடம் கேட்ட அதே குரலில் கேளுங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

"என் அடக்கச் செலவும், மருத்துவமனைப் பாக்கி உள்ளிட்ட என் கடன்களும், மேலே சொன்ன தனிக் கொடைகளும் போக மீதமிருக்கும் என் அசையும், அசையாச் சொத்துகள் அனைத்தையும் என் உயில் நிறைவேற்றுநர் விற்றுப் பணமாக்கி, அதில் நான்கில் மூன்று பங்கை இன்ன பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் முகவரியும் உடைய அறக்கட்டளைக்கு, அதன் நோய்த்தணிப்புப் பராமரிப்புப் பணிக்காகக் கொடுக்க வேண்டும். அப்போது அந்த அறக்கட்டளை இல்லாது போயிருந்தாலோ அந்தப் பணியை விட்டிருந்தாலோ, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் அதே பணியைச் செய்யும் பதிவுபெற்ற அறநிறுவனம் ஒன்றை நிறைவேற்றுநர் தேர்ந்து அதற்குக் கொடுக்க வேண்டும். அதன் பொருளாளர் தரும் ரசீதே போதுமானது."

அந்த இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இன்று நன்றாக நடக்கும் சிறு அறக்கட்டளை நீங்கள் போகும் நாளில் மூடிக் கிடக்கலாம். கொடுத்தவரின் எண்ணத்துக்கு மிக நெருக்கமான வேறு பணிக்கு நீதிமன்றமே பணத்தைத் திருப்பிவிட வழி உண்டு என்றாலும், அதற்கு ஆகும் ஆண்டுகளை எண்ணினால் தலை சுற்றும்.

வட்டியில் கட்டுத்துணியும் பஞ்சும் மட்டுமே வாங்க வேண்டும், அக்கா பெயரில் பலகை வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறீர்கள். பலகையைக் கேளுங்கள், தவறில்லை. கட்டுத்துணியை விட்டுவிடுங்கள். வீடு தேடிப் போகும் பணியில் பெரும் செலவு செவிலியரின் சம்பளமும் வண்டியின் எரிபொருளும். பஞ்சு பீரோ நிறைய இருந்து, அதைக் கொண்டு போக ஆள் இல்லாமல் போனால் நீங்கள் கேட்டது நடக்காது. விருப்பம் என்று எழுதுங்கள். கட்டளை என்று எழுதாதீர்கள்.

நிறைவேற்றுநராக உள்ளூரில் இருக்கும் ஒருவரைப் போடுங்கள். இங்கிலாந்திலிருந்து மருமகன் வந்து பாளையங்கோட்டை வீட்டை விற்க அலைவது நடக்காத காரியம். வீட்டை விற்கும் அதிகாரத்தை அவருக்குத் தெளிவாகக் கொடுங்கள்.

தம்பியும் வயலும்

வீடு உங்கள் சம்பளத்தில் வாங்கியது. அதில் தம்பிக்குச் சட்டப்படி ஒரு செங்கல்கூட இல்லை. கிறிஸ்தவர்களின் வாரிசுரிமையில், உறவினருக்கு இவ்வளவு விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயப் பங்கு கிடையாது; முழுவதையும் வெளியாருக்கு எழுதலாம்.

வயலில்தான் உங்கள் கணக்குத் தவறு, ஆனால் உங்களுக்குச் சாதகமாக. நாலு பிள்ளைகள், எனவே எனக்குக் கால் பங்கு, 24 சென்ட் என்கிறீர்கள். தகப்பனாரும் தாயாரும் உயில் எழுதாமல் இறந்தபோது கால் பங்கு சரி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கா போனாரே, அவருடைய கால் பங்கு? கணவனும் பிள்ளையும் பெற்றோரும் இல்லாமல் உயிலும் எழுதாமல் இறந்தவரின் சொத்து உடன்பிறந்தவர்களுக்குச் சமமாகப் போகும். முன்பே இறந்த உடன்பிறந்தவரின் இடத்தில் அவர் பிள்ளை நிற்பார். ஆக நீங்கள், தம்பி, அண்ணன் மகன் மூவருக்கும் இப்போது மூன்றில் ஒரு பங்கு, 32 சென்ட். அந்த ஊர் பழைய திருநெல்வேலிச் சீமையில் இருந்ததால் இந்தக் கணக்கு இவ்வளவு எளிதாகப் போயிற்று. சற்றுத் தள்ளிச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர். அந்த நாட்டின் 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற வழக்கு அதைப் பற்றியது.

வயல் பங்கைத் தம்பிக்கு விட்டது நல்ல முடிவு. பிரிக்காத கூட்டுப் பட்டா நிலத்தில் ஒரு பங்கை எந்த அறக்கட்டளைக்கும் கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் கிடைப்பது வழக்கு ஒன்றுதான். விவரம் எழுதும்போது சர்வே எண்ணோடு, பத்திரத்தில் உள்ளபடி திருநெல்வேலி மாவட்டம் என்றும், 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டம் என்றும் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

உயிலை எழுதிய பிறகு தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அறக்கட்டளைப் பேச்சை எடுக்கும் முன் அக்காவின் கடைசி ஐந்து மாதத்தைப் பேசுங்கள். அவர் அப்போது எத்தனை முறை வந்தார் என்பதை உயிலில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். கோபத்தில் எழுதிய ஒரு வரி, சும்மா இருப்பவரையும் நீதிமன்றத்துக்கு இழுத்து வரும்.

மீதிக் கேள்விகள்

வைப்புப் பணத்துக்கு மருமகன் நியமனதாரர் (நாமினி) என்பதால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது. அவர் வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கை மட்டும்; யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயில் சொல்லும். அறக்கட்டளையையே நியமிக்கலாமா என்றால், வங்கி வைப்பில் தனிநபரை மட்டுமே நியமிக்க முடியும். உங்கள் நிறைவேற்றுநரையே நியமனதாரராக மாற்றிவிட்டால் வேலை சுலபம்.

பத்து சதவீதம் தருமத்துக்கு விட்டால் வரி குறையும் என்று மருமகன் சொன்னது இங்கிலாந்துக்குச் சரி. அங்கே இறந்தவரின் சொத்தில் ஒரு வரம்புக்கு மேல் 40 சதவீதம் வரி; பத்தில் ஒரு பங்கு அறநிறுவனத்துக்கு விட்டால் 36. இந்தியாவில் 1985-லேயே மரணச் சொத்து வரியை எடுத்துவிட்டார்கள். இல்லாத வரியில் என்ன குறைப்பது? நன்கொடைக்கான வருமானவரிச் சலுகையும் (80ஜி என்று சொல்வது) உயில் கொடைக்குக் கிடைக்காது. அது உயிரோடு இருக்கும்போது கொடுத்து, பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு. ஓய்வூதியத்தில் மாதம் ஒரு சிறு தொகை இப்போதே கொடுத்து வாருங்கள். அவர்கள் பணத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதும் தெரிந்துபோகும். மருமகனும் பணம் சேர்க்க விரும்பினால் அவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பிரிட்டிஷ் குடிமகனாகிவிட்டால், வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதி உள்ள அமைப்புதான் அவரிடம் வாங்க முடியும்.

உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதை உயிலில் எழுதிப் பயனில்லை. உயிலைப் பிரிப்பது அடக்கம் முடிந்து, பெரும்பாலும் எட்டாம் நாளுக்கு மேல். கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி நிரப்பி, தம்பியிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள். கண்ணை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண் வங்கியின் தொலைபேசி எண்ணைக் குளிர்பெட்டி மேல் ஒட்டி வையுங்கள்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் நிலைமையில் செய்துவிடுங்கள் என்பேன். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கும் உங்கள் முகவருக்கும் தவிர யாருக்கும் நகல் தரமாட்டார்கள். அதுவும் வேண்டாமென்றால் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைக்கலாம். புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்க வேண்டுமோ என்ற கவலை உங்களுக்கு இல்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கட்டாயத்தை 2002-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

புதிய உயிலின் முதல் வரியில், இதற்கு முன் எழுதியவை அனைத்தும் ரத்து என்று எழுதுங்கள். அதில் கையெழுத்தாகும்வரை பழைய இரண்டு தாளையும் கிழிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இம்முறையும் சாட்சிக்கு வரட்டுமா என்று கேட்பார். நல்ல மனிதர், உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பேனாவைக் கொடுக்காதீர்கள்.